மாநில சுயாட்சி கிடைத்தால் கர்நாடகம் மதகை மூடிவிடாதா?

காவிரிப் பாசனத்தின் கடைசியில், தலைஞாயிறு பக்கம் கடைமடைக் கிராமத்தில் பிறந்து இப்போது பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: தமிழ்நாட்டில் எல்லோரும் மாநில சுயாட்சி பேசுகிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவருடைய அறைத்தோழர் கர்நாடகத்தின் மண்டியாக்காரர், அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறாராம், "உங்களுக்குச் சுயாட்சி வருகிற அன்றைக்கே எங்களுக்கும் வரும், அப்புறம் கே.ஆர்.எஸ். அணையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று. தம்பிக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கடைமடைக்காரன் சுயாட்சியை ஆதரிப்பது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற வேலைதானே என்று கேட்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தண்ணீர்க் கேள்வி. உள்ளே இருப்பது, ஆற்றின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு டெல்லி பலமாக இருந்தால் நல்லதா, மாநிலங்கள் பலமாக இருந்தால் நல்லதா என்பது. மேடையில் சுயாட்சி முழங்குகிற பலர் இதைத் தொடாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் இருபத்தெட்டு வருடம் கல்லூரியில் அரசியல் அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். வலங்கைமான் பக்கத்தில் பத்து மா நிலம் இருக்கிறது, சொந்தச் சாகுபடி. வழக்கறிஞன் இல்லை, பாசனப் பொறியாளனும் இல்லை. ஆகவே சட்டத்தில் எழுதியிருப்பதையும் நடந்து முடிந்ததையும் உறுதியாகச் சொல்கிறேன். இனி எது எப்படிப் போகும் என்று நான் சொல்கிற இடங்களில் அது என் கருத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். (மத்திய அரசு என்று எழுதுவது என் பழக்கதோஷம். அரசமைப்பின் முதல் பிரிவு 'மாநிலங்களின் ஒன்றியம்' என்றுதான் சொல்கிறது, வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.)

முதலில் உங்கள் நண்பர் எங்கே தவறுகிறார் என்று பார்ப்போம். சுயாட்சி வந்த பிறகுதான் தண்ணீர் கர்நாடகத்தின் கைக்குப் போகும் என்று அவர் நினைக்கிறார். அது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. டெல்லிக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரத்தைப் பிரிக்கிற ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனம் தண்ணீர்: குடிநீர், பாசனம், கால்வாய், வடிகால், கரை, நீர்த்தேக்கம், நீர்மின்சாரம் எல்லாம் அதில் அடக்கம். ஒரே ஒரு கட்டு, அது ஒன்றியப் பட்டியலின் 56-ஆவது இனத்துக்கு உட்பட்டது. மாநிலம் தாண்டி ஓடும் ஆற்றை ஒழுங்குபடுத்துவது பொதுநலனுக்குத் தேவை என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டால், போட்ட அளவுக்கு டெல்லி அதைக் கையில் எடுக்கலாம். எடுத்ததா? 1956-ல் நதி வாரியச் சட்டம் என்று ஒன்றைப் போட்டார்கள். அதன் கீழ் ஓர் ஆற்றுக்குக்கூட வாரியம் அமைக்கவில்லை. அதே வருடம் வந்த நதிநீர்த் தகராறுச் சட்டம்தான் நடைமுறையில் நமக்கு மிஞ்சியது; அதிலும் நடுவர் மன்றம் அமைக்கலாமா வேண்டாமா என்று மத்திய அரசு முதலில் முடிவெடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை தொடர்கிறது என்று சொல்லியே வருடக்கணக்கில் தள்ளிப்போட அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அந்தத் தள்ளிப்போடல் எவ்வளவு நீளம் என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. 1924 பிப்ரவரியில் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் போட்ட காவிரி ஒப்பந்தம். ஐம்பது வருடம் கழித்து அதன் சில விதிகளை மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. அந்தக் கெடு 1974. அதற்கு முன்பே கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று மேலே அணை வேலைகள் தொடங்கிவிட்டதால் தமிழ்நாடு 1970-லேயே நடுவர் மன்றம் கேட்டது. 1971-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, 1972-ல் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியை நம்பித் திரும்பப் பெற்றது. பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1983-ல் வழக்குப் போட்டது அரசுகூட இல்லை, டெல்டா விவசாயிகளின் ஒரு சங்கம். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகுதான் 1990 ஜூன் 2 அன்று வி.பி.சிங் அரசு நடுவர் மன்றத்தை அமைத்தது. இருபது வருடம். இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5. அதை அரசிதழில் வெளியிட 2013 பிப்ரவரி ஆயிற்று. அதற்கும் உச்ச நீதிமன்றம் போய் இடிக்க வேண்டியிருந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கடைசி வார்த்தை சொல்லி, ஆறு வாரத்தில் செயல்திட்டம் வேண்டும் என்றது. ஆறு வாரம் முடிகிற நேரத்தில் மத்திய அரசு விளக்கம் கேட்டு மனுப் போட்டது, கர்நாடகத்தில் தேர்தல் இருக்கிறது, இன்னும் மூன்று மாதம் கொடுங்கள் என்று. மே 12 தேர்தல் முடிந்தது. ஜூன் 1 அன்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது.

இந்தப் பட்டியலில் காங்கிரஸ் இருக்கிறது, பாஜக இருக்கிறது, ஜனதா தளம் இருக்கிறது, கூட்டணி ஆட்சி இருக்கிறது, தனிப்பெரும்பான்மை ஆட்சி இருக்கிறது. டெல்லிக்கு அதிகாரம் இல்லாததால் எந்த இடத்திலும் தாமதம் வரவில்லை. அதிகாரம் இருந்தது, எப்போது பயன்படுத்துவது என்பது அவர்கள் விருப்பமாக இருந்தது, விருப்பம் என்று வந்துவிட்டால் கர்நாடகத்தின் 28 தொகுதியா, தமிழ்நாட்டின் 39 தொகுதியா, எங்கே நமக்கு வாக்கு இருக்கிறது என்று கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆகவே 'பலமான டெல்லி கடைமடையைக் காப்பாற்றும்' என்பது கேட்க நியாயமாக இருக்கிறதே தவிர, காவிரி வரலாற்றில் அதற்குச் சாட்சி கிடையாது. சாட்சி இருப்பது நீதிமன்றத்துக்குத்தான், அதுவும் அரைகுறையாக.

அந்த நீதிமன்றச் சாட்சியில் ஒன்று உங்கள் நண்பருக்கு நேரடிப் பதில். 1991 ஜூனில் நடுவர் மன்றம் இடைக்கால ஆணையாக வருடத்துக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) விடச் சொன்னது. கர்நாடகம் அடுத்த மாதமே ஓர் அவசரச் சட்டம் போட்டது: எங்கள் விவசாயிகளின் நலனைக் காப்பது எங்கள் உரிமை, நடுவர் மன்றம் என்ன சொன்னாலும் சரி என்கிற மாதிரி. அதாவது உங்கள் நண்பர் இன்று விளையாட்டாகச் சொன்னதை அன்று சட்டமாகவே எழுதினார்கள். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அந்தச் சட்டம் செல்லாது என்று அதே வருடம் நவம்பரில் பதில் வந்தது. காரணத்தைக் கவனியுங்கள்: ஒரு மாநிலத்தின் சட்டம் அதன் எல்லைக்குள்தான் செல்லும், எல்லை தாண்டி ஓடுகிற தண்ணீரில் அடுத்த மாநிலத்துக்கு இருக்கும் உரிமையை அது தொட முடியாது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகவும் முடியாது. 2018 தீர்ப்பும் மாநிலம் கடந்த ஆறு எந்த ஒரு மாநிலத்தின் சொத்தும் இல்லை என்றே அடித்துச் சொன்னது. மாநிலப் பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் இந்த எல்லை மாறாது. இது உறுதி.

இதை வைத்துக் கர்நாடகம் எப்போதும் அடங்கி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற ஆணை இருக்கும்போதே, தண்ணீர் குடிக்க மட்டும்தான் என்று அவர்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். சட்டத்தில் வெல்வதும், தமிழ்நாட்டுக்குள் வருகிற தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் அளவு ஏறுவதும் ஒன்றில்லை, அது உங்கள் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

சரி, சுயாட்சி என்று நம் ஊரில் கேட்டது என்ன? 1963-ல் 16-ஆவது திருத்தம் வந்து, பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்க முடியாது என்றானபோது திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1969 செப்டம்பரில், நம் திருக்குவளையில் பிறந்த கருணாநிதி முதல்வராக இருந்தபோது, ஓய்வு பெற்ற நீதிபதி ராஜமன்னார் தலைமையில் ஒரு குழு போட்டார். அதன் அறிக்கை 1971-ல் வந்தது, 1974 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. எந்தப் பட்டியலிலும் இல்லாத எஞ்சிய அதிகாரங்கள் மாநிலத்துக்கு வர வேண்டும், ஆட்சியைக் கலைக்கிற 356-ஐ நீக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பரிந்துரைகள். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் கேட்டது: பிரதமரும் எல்லா முதல்வர்களும் உட்காருகிற மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் ஒன்று உடனே வேண்டும், மாநிலங்களைப் பாதிக்கும் முடிவுகளை அங்கே பேசாமல் எடுக்கக் கூடாது என்று. 1970 திருச்சி மாநாட்டில் வந்த முழக்கத்தை முழுதாகச் சொல்லிப் பாருங்கள்: மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி. நாம் முதல் பாதியை மட்டும் சுவரில் எழுதி, இரண்டாம் பாதியை மறந்துவிட்டோம். கடைமடைக்கு வேண்டியது அந்த இரண்டாம் பாதிதான். பொதுவான விஷயங்களில் டெல்லி தனக்குத் தோன்றும்போது தலையிடுவது என்றில்லாமல், மாநிலங்கள் சமமாக உட்கார்ந்து, எழுதிவைத்த விதிப்படி, குறித்த தேதிக்குள் முடிவெடுக்கிற ஒரு சபை.

அந்த மன்றம், மத்திய-மாநில உறவை ஆராய்ந்த சர்க்காரியா குழு பரிந்துரைக்குப் பிறகு 1990-ல் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அது கடைசியாகக் கூடியது 2016 ஜூலையில். நடுவர் மன்றத்தை ஒரு வருடத்துக்குள் அமைத்தாக வேண்டும், அதன் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்ற ஆணைக்குச் சமமான வலு வேண்டும் என்று சர்க்காரியா சொன்னதை 2002 திருத்தத்தில் சேர்த்தார்கள். நமக்கு அது காலம் கடந்து வந்தது.

இப்படி ஒரு பொதுச் சபை நடக்கிற காரியமா என்றால், அமெரிக்காவில் டெலவேர் ஆற்றுக்கு 1961-லிருந்து நடக்கிறது. நான்கு மாநிலங்களும் கூட்டரசும் ஒப்பந்தம் போட்டு ஒரு ஆணையம், ஆளுக்கு ஒரு வாக்கு. நம் மாநிலங்களைவிட அவற்றுக்கு அதிகாரம் மிக அதிகம், அப்படி இருந்தும் ஆற்றைப் பொதுவில் வைத்தார்கள். அதை அப்படியே இங்கே நட்டால் வேர் பிடிக்குமா என்றால் எனக்குச் சந்தேகம்தான், அங்கே நம்மைப் போல ஜூன் மாதம் நாற்றங்கால் காய்ந்துகொண்டு நிற்காது. நம் காவிரி ஆணையம் வடிவத்தில் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அதன் பலவீனம் பற்றாக்குறை வருடத்தில் தெரிகிறது. குறைவான வருடத்தில் எல்லோருக்கும் விகிதப்படி குறைத்துக் கொடு என்பதுதான் தீர்ப்பு. எந்த மாதம், எந்த அணைக் கணக்கை வைத்து, எப்படிக் குறைப்பது என்பதில் சண்டை. 2023-ல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தும் அக்டோபர் 10 அன்று மூட வேண்டி வந்தது இப்படித்தான். அந்தக் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் பேசட்டும்.

உங்கள் பயத்துக்கு நியாயம் உள்ள ஒரு இடமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மேகதாது. அங்கே காவிரியின் குறுக்கே 67 டிஎம்சி கொள்ளளவுக்கு அணை கட்ட கர்நாடகம் கேட்கிறது, மத்திய நீர் ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் அது நகர முடியாது. அந்த ஒப்புதல் அதிகாரத்தையும் எடுத்து மாநிலத்திடம் கொடு என்று யாராவது சுயாட்சி பேசினால் நான் எதிர்த்து நிற்பேன். அதை டெல்லி ஒருத்தரிடமே வைத்திருக்க வேண்டுமா, நதிக்காரர்கள் நால்வரும் சேர்ந்த ஆணையத்திடம் வைக்கலாமா என்பது பேச வேண்டிய விஷயம். 2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறையை எதிர்த்துச் சென்னையில் ஒரு கூட்டம் நடந்ததே, அதற்குக் கர்நாடகத்திலிருந்து வந்தவர் டி.கே.சிவக்குமார், மேகதாதுவைக் கட்டியே தீருவேன் என்று சொன்ன அன்றைய நீர்வளத் துறை அமைச்சர். சிலர் அதைப் பெரிய முரண்பாடு என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தொகுதியில், வரியில் ஒரே பக்கம், தண்ணீரில் எதிர்ப்பக்கம் என்று இருப்பதுதான் கூட்டாட்சி. பங்காளிகள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டு அடுத்த நாள் வரப்புத் தகராறுக்கு நிற்பதில்லையா.

இவ்வளவு நேரம் தண்ணீரைப் பற்றியே பேசிவிட்டேன், நீங்கள் கேட்டது அது. ஆனால் ஒரு டெல்டாக்காரனுக்குச் சுயாட்சி என்றால் என்ன என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மேட்டூர்கூட இல்லை, 17 என்ற எண். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கக் கூடாது. குறுவை அறுக்கிற நேரம் வடகிழக்குப் பருவமழை, சம்பா அறுக்கிற தை மாதத்திலும் எதிர்பாராத மழை வருகிறது. ஒரு வருடம் எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையம் ஒன்றில் பதினோரு நாள் காத்திருந்தேன். தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் அடித்தால் கிளறி, மறுபடி மூடி, அடியில் இருந்தது முளைத்துவிட்டது. மாநில அரசு 22 சதவீதம் வரை தளர்த்துங்கள் என்று டெல்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்குப் போகும். சில வருடம் தளர்த்துவார்கள், சில வருடம் கைவிரிப்பார்கள். பதில் வருவதற்குள் நெல் தன் முடிவை எடுத்துவிடும். விவசாயம் மாநிலப் பட்டியல்தான், 14-ஆவது இனம். ஆனால் 2002-லிருந்து மாநில நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல்லை வாங்குவது மத்தியத் தொகுப்புக்காக, பணம் அங்கிருந்து வருவதால் தரமும் அங்கேதான் முடிவாகிறது.

மத்திய அரசு பக்கமும் ஒரு நியாயம் உண்டு: பஞ்சாபிலும் ஒடிசாவிலும் வாங்குகிற அரிசி ஒரே கிடங்கில் சேர்கிறது, ஈரமான நெல்லை ஏற்றினால் அரவையில் அரிசி உடையும், அந்த நட்டம் யார் தலையில்? ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது சின்னது. இன்ன அளவு மழை பெய்தால் இன்ன சதவீதம் வரை, இவ்வளவு விலைக்குறைப்போடு மாவட்ட ஆட்சியரே எடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் குழு எதற்கு, மாதிரி எதற்கு? தஞ்சாவூரில் பெய்கிற மழைக்கு டெல்லியில் கோப்பு நகர வேண்டிய அவசியம் என்ன? இதற்கு அரசமைப்புத் திருத்தம்கூட வேண்டாம்.

அடுத்தது நிலம். 2020-ல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததும் வெடி வெடித்துக் கொண்டாடினோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, கடலூர் புதுக்கோட்டையில் சில வட்டாரங்கள், பிற்பாடு மயிலாடுதுறையும். இனிப் புதிதாக மீத்தேன், ஹைட்ரோகார்பன் கிணறு வராது என்று. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளை அது தொடவில்லை என்பது ஒரு பக்கம். எண்ணெய் வயலும் கனிம எண்ணெய் வளமும் ஒன்றியப் பட்டியலின் 53-ஆவது இனம் என்பது இன்னொரு பக்கம். மாநிலச் சட்டம் விவசாயத்தின் மேல் நிற்கிறது, ஒன்றிய அதிகாரம் எண்ணெயின் மேல் நிற்கிறது, மண் ஒன்றுதான். முழு வழக்காகப் போனால் எது வெல்லும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். என் கருத்தைக் கேட்டால் மாநிலச் சட்டம் நாம் நினைக்கிற அளவு கெட்டி இல்லை.

2023 ஏப்ரலில் அது தெரிந்தது. நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று இடங்கள் வந்தன. முதல்வர் கடிதம், சட்டமன்றத்தில் கண்டனம், எல்லாக் கட்சியும் எதிர்ப்பு, நான்கைந்து நாளில் மத்திய அமைச்சர் நீக்கிவிட்டோம் என்றார். சந்தோஷம். ஆனால் நீக்கியது அரசியல் நெருக்கடி. சட்டம் இருந்தும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள் என்பதைத்தான் நான் குறித்துவைத்துக்கொண்டேன். இன்னொன்று, மாநில அதிகாரம் என்றாலே விவசாயிக்குக் காவல் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு 2011-ல் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது மாநில அரசுதான். நம்மாழ்வார் அய்யா 2013 டிசம்பரில் இறக்கும்போதும் அந்தத் திட்டத்துக்கு எதிராகத்தான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அவர் எதிர்த்தது டெல்லியை மட்டும் என்று யாராவது சொன்னால் வரலாற்றைப் பாதியாக மடித்துக் காட்டுகிறார்கள்.

வரிப் பங்கு பற்றி நீளமாகப் பேச மாட்டேன். ஜிஎஸ்டி மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும், ஆக அவர்கள் ஒப்பாமல் ஒன்றும் நடக்காது. 13-ஆவது நிதிக்குழுக் காலத்தில் பகிர்வுத் தொகையில் 4.969 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு 15-ஆவதில் 4.079 ஆனது. செஸ்ஸும் கூடுதல் வரியும் பங்கிடுகிற கணக்கிலேயே வராது. இதெல்லாம் உண்மையான குறை. ஆனால் 'எங்கள் வரி எங்களுக்கே' என்ற கோஷத்தை டெல்டாக்காரன் கொஞ்சம் யோசித்துப் போட வேண்டும். நம் நாகையும் திருவாரூரும் கட்டுகிற ஜிஎஸ்டி எவ்வளவு இருக்கும்? நம் பம்புசெட்டு இலவச மின்சாரமும் குறுவைத் தொகுப்புத் திட்டமும் சென்னையும் கோவையும் ஓசூரும் கட்டுகிற வரியில் வருகிறது. கோவைக்காரர் நாளைக்கு அதே கோஷத்தை நம்மைப் பார்த்துப் போட்டால் பதில் வேண்டும். பீகாருக்கும் கொஞ்சம் போகட்டும், எவ்வளவு என்பதை யார், எந்த விதியில் முடிவு செய்வது என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆளுநர், மசோதா, நீட் பற்றியெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடுகிறது, விடுகிறேன். 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு அரசு அமைத்த குழு, ராஜமன்னார் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற முயற்சி. அதில் எனக்கு இருக்கிற ஒரே எதிர்பார்ப்பு, சென்னையோடு நிற்காமல் கீழேயும் பார்க்க வேண்டும் என்பது.

ஏனென்றால் உங்கள் ஊர் விவகாரத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் இருந்த வருடங்களிலும் தலைஞாயிறுக்குத் தண்ணீர் எட்டாமல் போனதுண்டு, அதற்குப் பெங்களூருவைக் குறை சொல்ல முடியாது. கல்லணையில் பிரித்துவிட்ட தண்ணீர் வெண்ணாற்றில் இறங்கி அரிச்சந்திரா நதி வழியாக, அடப்பாறு வழியாக உங்கள் ஊருக்கு வர வேண்டும். பெரிய ஏ, பி வாய்க்கால்களையாவது நீர்வளத் துறைக்காரர்கள் தூர்வாருகிறார்கள், தண்ணீர் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது. வயலுக்குப் பிரிகிற சின்ன சி, டி வாய்க்கால் யாருடையது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஊரே இறங்கியது. இன்று நாலு மதகுக்கு ஒரு லஸ்கர் (மதகைத் திறந்து மூடுகிற ஊழியர்), அவருக்கும் ஓய்வு வயது. 73-ஆவது திருத்தம் போட்ட பதினோராவது அட்டவணையில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் ஊராட்சிக்குக் கொடுக்கலாம் என்று எழுதியே இருக்கிறது. கொடுக்க வேண்டியது மாநிலம். டெல்லியிடம் சுயாட்சி கேட்கிற சென்னை, ஊராட்சிக்குத் தேர்தலைக்கூட நேரத்துக்கு வைப்பதில்லை: 2016-ல் நடந்திருக்க வேண்டியது 2019 டிசம்பரில் பாதி மாவட்டங்களுக்கு மேல் நடந்தது, மிச்சம் 2021-ல், 2019-ல் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. சபை இல்லாமல் அதிகாரி நடத்துவது மாநிலத்தில் நடந்தால் அதற்குப் பெயர் 356, ஊராட்சியில் நடந்தால் தனி அலுவலர்.

பக்கத்தில் காரைக்காலைப் பாருங்கள், அதே ஆறு, அதே சம்பா, தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி. அவர்கள் மாநிலமே இல்லை, யூனியன் பிரதேசம். சட்டமன்றம் உண்டு, ஆனாலும் துணைநிலை ஆளுநரைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. தனி மாநிலத் தகுதி கேட்டு எத்தனையோ முறை தீர்மானம் போட்டுவிட்டார்கள். டெல்லியின் நேரடிப் பிடியில் இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் தானாக வந்துவிடும் என்றால் காரைக்காலில் ஒரு வருடம்கூடப் பயிர் காய்ந்திருக்கக் கூடாது. அங்கே போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக உங்கள் மண்டியா நண்பர். அவரோடு சண்டை வேண்டாம். விஸ்வேசுவரய்யா கால்வாய்க்கும் கடைமடை உண்டு, மத்தூர், மளவள்ளிப் பக்கம். அங்கேயும் கரும்பு காய்கிறது, அங்கேயும் மேல்மடைக்காரன் விட மாட்டேன் என்கிறான். அவர் வீட்டு நிலம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். 2003-ல் இரண்டு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்றை அமைத்து, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். பங்கீட்டு எண்ணில் அவர்களால் ஒத்துவர முடியவில்லை, ஆனால் ஒரே அறையில் பலமுறை உட்கார்ந்தார்கள், அரசுகள் அந்த அளவுக்கு உட்கார்ந்ததில்லை. அப்புறம் இன்னொன்றும் சொல்லுங்கள்: 2018 தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டிஎம்சி குறைத்தார்கள். அதில் 10 டிஎம்சி, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில். உங்கள் ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரும், அந்தப் பத்தில் ஒரு குடம்கூட உங்கள் அப்பாவுக்கு உதவாது. மீதி 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கு. நீங்கள் இருவரும் ஒரே அறையில் தினமும் குடிப்பது அதுதான்.